ரெஜினாவின் ‘பிறகு’ அட்டை

அன்புள்ள ரீச்சர்,

இன்று காலை மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தேன். அந்த மணம் எழும்பியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நறுவிலிக்குளத்துக் கொட்டிலில், ஓட்டிசம் உள்ள நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஆவியாகும் பாடத்தை இப்போது நான் தனியாக நடத்துகிறேன். களைத்துப் போனேன், ரீச்சர். சும்மா சொல்லவில்லை.

முன்பு அரிப்புக் கிராமத்தில் நாம் இருவராக இருந்தோம். சவர்க்காரப் பெட்டி மட்டைகளில் நீங்கள் படம் கீறுவீர்கள்: தண்ணீர், நெருப்பு, குமிழி, ஆவி. நான் சுவரில் வரிசையாகக் குத்துவேன். ஒவ்வொரு படியும் முடிய ரெஜினா அந்த அட்டையைக் குப்புறத் திருப்புவாள். கடைசி அட்டையும் திரும்பினால் ஒரு தோடம்பழ இனிப்பு. வாய் திறந்து ஒரு சொல் பேசாத பெட்டை. கருவாடு காயப்போடும் அவளுடைய தாய் ஒருநாள் வந்து, “என்ன மருந்து குடுத்தனீங்கள் ரீச்சர்? வீட்டிலயும் சோத்துப் பானைக்கு முன்னால குந்தி ஆவி பாக்கிறாள்” என்று சிரித்தாள். நமக்குப் பெருமை தாங்கவில்லை. தொடங்கிய பாடத்தை நடுவில் விடவே கூடாது என்று சட்டம் போட்டோம்.

அந்தச் சட்டமே வினையாக வந்தது. ஒருநாள் தண்ணீர் சூடேறும்போதே செல்லடி தொடங்கிவிட்டது; கிட்டவாகக் குண்டுகள் விழுந்தன. மற்றப் பிள்ளைகளைப் பங்கர்க் குழிக்குள் இறக்கினேன். ரெஜினா அசையவில்லை. ஆவி அட்டை இன்னும் திரும்பவில்லையே! தூக்கப் போன என்னைக் கடித்தாள். “நீங்கள் போங்கோ. கொதிச்ச உடன இவளைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்றீர்கள். பங்கருக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே செபமாலை சொன்னேன். கடைசியில் இனிப்பைச் சூப்பியபடி அவள் இறங்கினாள். பின்னால் நீங்கள், வேர்த்து விறுவிறுத்து. “கண்டறியாத தண்ணி, இண்டைக்கெண்டு பாத்துக் கொதிக்குதில்லை!”

மறுநாளே புது அட்டை கீறினீர்கள்: மூடி போட்ட தண்ணீர்க் கேத்தல். அதுதான் ‘பிறகு’. பாதிப் பாடத்தில் அந்த அட்டையை வைப்போம். பங்கருக்குப் போய் இனிப்புக் கொடுப்போம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பாடத்தை முடிப்போம். எனக்கு அலுத்துப்போகும். “நாளைக்கு முடிப்பமே” என்பேன். நீங்கள் விடமாட்டீர்கள். “பிறகெண்டு சொன்னா செய்து குடுக்கவேணும் ரீச்சர். இல்லாட்டி இவள் எங்களை நம்பமாட்டாள்.”

அவள் நம்பினாள். அடுத்த செல்லடியில் அட்டையைக் கண்டதும் தானாகவே எழுந்து ஓடினாள்.

பிறகு இடம்பெயர்ந்தோம். உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது சண்டையால் பாதை பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மனம் ஆறவில்லை, ரீச்சர்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள், அன்றைக்கு யார் யார் வருவார்கள் என்று காட்டும் பலகையில் ரெஜினா உங்கள் படத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாள். செத்துப்போவதற்கு நம்மிடம் அட்டை இல்லை. எனக்குக் கீறவும் வராது. அவளே அட்டைகள் இருந்த பெட்டியைக் கிளறி, ‘பிறகு’ அட்டையை எடுத்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் குத்திவிட்டு, பாடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

இன்றைக்கும் வந்ததும் அதைத்தான் செய்தாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பிறகென்றால் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் எங்கே போய் உங்களைக் கூட்டிவர?