போறணை வீட்டாரின் மலையூர்

மாசி 9, ஞாயிறு

பூசை முடிந்து மகன் றூபன் வீட்டில் சாப்பாடு. ஆனி மாதம் எல்லோருமாக இத்தாலி போகிறோமாம். ரோம், பிளோறன்ஸ், வெனிஸ். என்னிடம் கேட்கவில்லை. சொன்னான்.

மருமகள் பிரியந்தி, "மாமி, பாப்பரசற்றை கோயிலைப் பாக்கலாம், உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்றாள்.

"நான் வாறதெண்டால் காஸ்தெல்மூரோவுக்குத்தான் வருவன்."

"அதென்ன ஊர்?"

இத்தாலியின் மொலீசே மலையில் இருக்கிற ஊர் என்றேன். பக்கத்து மலைகளிலும் அதைப்போலச் சின்ன ஊர்கள் உண்டு, சுற்றுலாக்காரர் மிதிக்காத ஊர்கள் என்றேன்.

"அங்கை போய் ஆடு மேய்க்கவோ, அம்மா?" என்று றூபன் சிரித்தான். பிரியந்தியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆனால் சிரித்தாள்.

எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டாலும் மறக்க மாட்டேன்.

மாசி 16, ஞாயிறு

பேத்தி றொஷினி கொம்பியூட்டரோடு வந்தாள். "சொல்லுங்கோ அப்பம்மா, உங்கடை ஊர் எங்கை?"

சொன்னேன். பஸ் நிற்கிற இடத்தில் மூன்று வாய் வைத்த நீரூற்று. அதற்கு இடது பக்கம் கல்படி. பாதிப் படியில் சுவருக்குள் மாதா சுரூபம். அதைத் தாண்டினால் பாண் சுடுகிற போறணை. உச்சியில் அந்தோனியார் கோயில். அவள் படத்தை உருட்டிக்கொண்டே போனாள். நீரூற்று இருந்தது, படி இருந்தது, மாதாவும் இருந்தா. ஊற்றின் ஒரு வாயை மட்டும் சீமெந்து வைத்து அடைத்துவிட்டார்கள்.

"மோன் தியூ! அப்பம்மா, நீங்கள் அங்கை இருந்தனீங்களோ?"

இல்லை. கொன்செத்தா இருந்தாள்.

கனடா வந்த புதிதில் ஷபனெல் வீதித் தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மிசின் அவளுடையது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அவளும் அவ்வளவுதான், அந்தப் போறணை வீட்டுப் பிள்ளை. தன் ஊர்ப் பேச்சிலேயே எனக்குக் கொலர் வைக்கப் பழக்கினாள், கதை சொன்னாள், பேசினாள், ஏசினாள். நான் அதைத்தான் இங்கத்தைப் பாஷையான பிரெஞ்சு என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து படித்தேன். ஒரு நாள் டெப்பனர் என்கிற மூலைக் கடையில் போய் மிடுக்காகப் பால் கேட்டேன். கடைக்காரப் பெடியன் முழித்தான். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் படித்தது கனடாப் பாஷை இல்லை, காஸ்தெல்மூரோப் பாஷை என்று.

றொஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

இன்னும் இரண்டு மலையூரை அவளே தேடிப் பிடித்தாள். ஒன்றில் மனிதரைவிடப் பூனை கூடவாம். மூன்றையும் கோர்த்து ஒரு பாதை போட்டோம். ரோமுக்கு ஒரு நாள் கொடுத்தோம். போதும்.

மாசி 23, ஞாயிறு

மகன் என் முழங்கால் வருத்தத்தைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டான். "உந்தக் காலோடை மலைப்படி ஏறேலாது அம்மா. நீங்கள் ரோமிலை ஹோட்டல்லை இருங்கோ."

போன கோடையில் சென் ஜோசப் ஒறட்டரிக் கோயில் படி முழுக்க ஏறினேன். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது யார்? கேட்டேன். பிரியந்தி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

கடைசியில் ஒரு சொல் தந்தான். அவனுக்கு லீவு அந்தோனியார் பெருநாள் கிழமைதான். அந்தக் கிழமை காஸ்தெல்மூரோவில் தங்க வீடு கிடைத்தால் மலை. கிடைக்காவிட்டால் வெனிஸ்.

பங்குனி 2, ஞாயிறு

வீடு இல்லையாம். அங்கே வீடுகளை வாடகைக்கு விடுகிறவர் நிக்கோலா என்ற கிழவர். பெருநாள் கிழமையில் ஊர்ச் சனத்துக்கு மட்டும்தானாம். கனடாவிலிருந்தும் ஆர்ஜென்டினாவிலிருந்தும் பிள்ளைகள் வருவார்களாம். றொஷினி வாசித்துக் காட்டினாள்.

"அப்ப வெனிஸ்" என்றான் றூபன். அந்த முகத்தை நான் பார்த்தேன். தோற்ற பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுகிற முகம்.

பங்குனி 3, திங்கள்

றொஷினி வகுப்பு முடிந்து நேரே இங்கே வந்தாள். "அந்த மனுசன்ரை நம்பரை அடி பிள்ளை" என்றேன்.

கிழவர் எடுத்தார். நான் கதைத்தேன், மிசினுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்த அதே பேச்சு.   மெதுவாக ஒன்று கேட்டார். "அ கி அப்பர்த்தியெனி?"

நான் பிறந்த பாசையூரில் ஒழுங்கைக்குள் புது முகம் வந்தால் கேட்பார்களே, "நீ ஆற்றை ஆள்?" என்று. அச்சொட்டாக அதேதான். அதற்குத் தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுப் பட்டப்பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதவு திறக்காது.

"போறணை வீட்டுக் கொன்செத்தாவின்ரை ஆள்" என்றேன்.

"போறணை வீட்டாரோ!" கிழவர் மனைவியைக் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கோயிலடி வீட்டை எங்களுக்கென்று வைக்கிறாராம். யன்னலைத் திறந்தால் பெருநாள் சுற்றுப்பிரகாரம் போவது தெரியுமாம்.

றொஷினி என்னைத் தூக்கப் பார்த்தாள். உடனே தகப்பனுக்கு அடித்தாள்.  றூபன், "சரி அம்மா, வெண்டிட்டியள்" என்றான். ஓம், வெண்டிட்டன்.

பங்குனி 4, செவ்வாய்

வென்றதெங்கே? ஏன் கொன்செத்தாவின்ரை பேரைச் சொன்னனான்? வாய்க்கு வேறை பேர் வரேல்லையோ?

அவள் மகளுக்குக் கலியாணம் வைத்தபோது எங்கள் வரிசையில் இருந்த பொம்பிளைகள் எல்லாருக்கும் கார்ட் கொடுத்தாள். என் மிசினைத் தாண்டிப் போனாள். கேட்டேன். "அது எங்கடை ஆக்களுக்கு மட்டும்" என்றாள். அந்தக் கலியாணச் சட்டைக்குக் கை தைத்துக் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகு தொழிற்சாலை மூடும்வரை அவளோடு நான் கதைக்கவில்லை. நூல் முடிந்தால்கூடக் கேட்கவில்லை, எழும்பிப் போய் எடுத்தேன்.

இப்போது அந்தக் கிழவர் அவளைக் கேட்கத்தானே போகிறார். "ஆர் அவள்? எனக்குத் தெரியாது" என்று ஒரு சொல் சொன்னாள் என்றால் வீடும் இல்லை, மலையும் இல்லை. றூபனின் சிரிப்பை வேறு பார்க்க வேண்டும்.

முந்திக்கொண்டு நானே போக வேண்டும்.

பங்குனி 9, ஞாயிறு

கொன்செத்தா இருக்கிற சென் லெயோனாருக்குப் பஸ்ஸில் போனேன். பனிக்குள் அவளுடைய அத்திமரம் சாக்குச் சுற்றி நின்றது. கதவைத் திறந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆர் உனக்கு என்ரை பேரைக் குடுக்கச் சொன்னது?"

நிக்கோலா முந்திவிட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாய் எடுத்தனான்."

"அவன் கேக்கிறான், ஆரடி அது, உன்ரை செத்துப்போன அம்மா கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள் எண்டு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுபோச்சு."

"நீ என்ன சொன்னனீ?"

"கோப்பியைக் குடி."

"என்ன சொன்னனீ எண்டு கேட்டனான்."

"என்னெண்டு சொல்லுறது? எங்கடை ஆள்தான் எண்டனான். நான் பழக்கின வாய்தானே."

கோப்பியைக் குடித்தேன். பிறகு கலியாணக் கதையை எடுத்தேன். விடுவேனா? கார்ட் கொடுக்கிற ஆட்களைத் தெரிந்தெடுத்தது தன் மாமியார் என்றாள். மாமியார் மண்ணுக்குள் போய் எவ்வளவு காலம். செத்தவர்களின் தலையில் போடுவது லேசு. அதையும் சொன்னேன். "ஓம்" என்றாள். 

தாயைப் புதைத்த பிறகு அவள் ஊருக்குப் போகவே இல்லையாம். பிள்ளைகளுக்குப் புளோரிடாக் கடற்கரைதான் வேண்டுமாம். வாசலில் வைத்து, "என்ன மாசம் போறியள்?" என்று கேட்டாள். நான் சப்பாத்துக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

சித்திரை 6, ஞாயிறு

கொன்செத்தா ரெலிபோன் எடுத்தாள். அந்தப் படிக்கு எந்தச் சப்பாத்து நல்லதென்று அவளுடைய ஊர்ப் படியைப் பற்றி என்னிடம் கேட்கிறாள். தானும் வருவதாகச் சொல்லவில்லை.

றொஷினியிடம் இன்னொரு ரிக்கற் பார்க்கச் சொன்னேன். நானும் கொன்செத்தாவிடம் சொல்லவில்லை.

வைகாசி 18, ஞாயிறு

றூபன் காரில் போகும்போது காஸ்தெல்மூரோப் பாஷையில் "கோப்பி வேணும்" சொல்லிப் பழகுகிறானாம். பிரியந்தி காட்டிக்கொடுத்தாள். பிழையாகத்தான் சொல்கிறான். திருத்தினேன். சிரிக்கவில்லை.

ஆனி 10, செவ்வாய், விமானத்துக்குள்

யன்னல் சீற் தனக்கு வேண்டும் என்றாள் கொன்செத்தா. கொடுக்கவில்லை. பாதையைப் போட்டவள் நான்.

விடிந்ததும் கீழே இத்தாலி தெரிந்தது. மலை மலையாக, ஒவ்வொரு உச்சியிலும் ஒரு பிடி வீடுகள். அவள் எனக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், என் மடியில் கையை ஊன்றிக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாரமான கை. எடு என்று சொல்லவில்லை நான்.