அணைத்துப் பார்த்த பெட்டி

மக்கா,

இன்றைக்குக் காலையில் நானே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். உனக்க மாமா முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அறையில் அவருடைய மூச்சு மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கறண்டு போனால் இன்வெர்ட்டர் டக்கென்று பிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றபோது, போனுக்குக் காது கொடுத்து நீ இருந்த கோலம் முன்னால் வந்தது.

அன்று குன்னத்துகாலில் எனக்க தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் பட்டுடுத்தி உன் அறை வாசலில் நிற்கிறேன். வெளியே வண்டி ஆரன் அடிக்கிறது. வீட்டுக்கு மூத்த மருமகள் நீ, நைட்டியோடு கம்ப்யூட்டருக்கு முன்னால்.

"நீங்க போங்க மாமி, நான் பின்னால வாறேன்."

"தனியா போய் நான் என்ன சொல்ல? மருமவளுக்குப் பெட்டிதான் பெரிசுன்னா?"

நானும் போகவில்லை. தாலி கட்டினதைப் பார்க்கவுமில்லை. அது இப்பவும் என் மனசில் கிடக்கிறது.

திருவனந்தபுரத்தில் ஒரு புது ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கட்டிலிலும் கிடக்கிறவர்களின் நெஞ்சுத் துடிப்பு நர்சின் திரையில் தெரிய வேண்டும். அந்தச் சேதியெல்லாம் டேட்டா சென்டரில் ஒரு சுவிட்ச் பெட்டி வழியாகத்தான் போகும். ஒரே பெட்டியை உள்ளுக்குள்ளே பல பெட்டியாக்குவது உனக்க வேலை. நோயாளிகளுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, பார்க்க வருகிறவர்களின் போனுக்கு ஒன்று. ஒன்றில் கோளாறு வந்தால் அடுத்ததைத் தொடாது. அவசரத்துக்கு மாற்றாக நிற்க வேண்டியதையும் அதற்குள்ளேயே பிரித்துவைத்தால் போதும் என்று உனக்க மானேஜர் பிடிவாதம் பிடித்தான். வேறொரு பெட்டி வேண்டும் என்று நீ நின்றாய்.

"அதான் பிரிச்சாச்சுல்லா, பின்னே என்னத்துக்கு?" என்று நானும் கேட்டேன்.

"நீங்களும் சித்தப்பாவும் வீட்டைப் பாகம் பிரிச்சு நடுவில சுவர் வச்சீங்க. மேல உத்திரம் ஒண்ணுதானே மாமி. அது ஒடிஞ்சப்போ யாருக்க பாகம் நனஞ்சுது?"

இரண்டும்தான் நனைந்தது. அன்றைக்கு அந்தச் சித்தப்பா, என் கொழுந்தன், ஏணி தராததும் எனக்கு நினைவுண்டு.

சண்டை பிடித்து இரண்டாவது பெட்டியை வாங்க வைத்தாய். முதல் பெட்டியை அணைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரியைத் திறக்கக் கூடாது என்று அடுத்த சண்டை. அதுதான் கல்யாணத்தன்று நடந்தது. ஸ்பீக்கர் போனில் மானேஜர் கத்தினது வாசல்வரை கேட்டது.

"நாளைக்குத் திறப்பு. இப்ப அணைச்சு, மற்றது எழும்பலைன்னா உனக்க வேலை போச்சு."

"இப்ப எழும்பலைன்னா நாளைக்கும் எழும்பாது சார். நாளைக்குக் கட்டில்ல ஆள் உண்டு."

பிறகு நீ, "அணைச்சிடுங்க" என்றாய்.

உன் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம். ஆனாலும் என் கால் வாசலை விட்டு நகரவில்லை. வண்டிக்காரன்கூட ஆரனை நிறுத்திவிட்டான். போனில் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும். அப்புறம் ஆஸ்பத்திரியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நர்சு சொன்னாள்: "வந்நு சேச்சி, எல்லாம் வந்நு." மற்ற பெட்டி எழும்பிவிட்டது.

நீ மேசைமேல் தலையைச் சாய்த்தாய். கொஞ்சம் கழித்து, "மாமி, சோறு உண்டா?" என்று கேட்டாய். கல்யாண வீடென்று நான் உலை வைக்கவில்லை. பழையதைத்தான் இரண்டு பேரும் தின்றோம்.

அடுத்த மழையில் எலிக்காய்ச்சல் வந்து படுத்தாய். எழும்பவில்லை. துக்கம் கேட்க வந்த மானேஜர், "ரெண்டு பெட்டி வச்சது நம்ம பிளானாக்கும்" என்று உன் படத்துக்கு முன்னால் இருந்து சொன்னான். எல்லாருக்கும் சாயா கொடுத்தேன். அவனுக்குக் கொடுக்கவில்லை. இனி வந்தாலும் கிடையாது.

இன்று டக் சத்தம் வரவில்லை. மூச்சு மெஷின் நின்றுபோனது, விசிறி மெல்ல அடங்கியது. உனக்க மாப்பிள்ளை, என் மகன், ஓடிவந்தான்.

"நல்லா ஓடுதத என்னத்துக்கம்மா அணைச்ச?"

"அவரு முற்றத்தில இருக்கும்போதுதான் அணைக்கணும். போய் புது பேட்டரி கொண்டு வா."

மெயினைத் திரும்பப் போட்டேன். மேற்கே பொழியூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது, மழை வந்தால் கறண்டு போகும். அவன் கடைக்குப் போயிருக்கிறான். பேட்டரி வந்ததும் மறுபடி அணைத்துப் பார்ப்பேன். அதுவரைக்கும் உனக்க மாமாவை அறைக்குள்ளே விட மாட்டேன்.