அரங்கத்துக்குள் கடல் எந்தப் பக்கம்?

கடப்பாக்கம்,
ஞாயிறு மாலை.

என் அன்புக் கணவர் சாமுக்கு, ஜாக்குலின் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு இதென்ன திடீர்க் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு பேசிவிடுவீர்கள். இதில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. கூடுவாஞ்சேரி வீட்டு விஷயமும் இதில் இருக்கிறது, அதனால் கடைசிவரை படியுங்கள். லீவு முடிந்து திரும்பும் ஆபிரகாம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வஞ்சிரக் கருவாடும் வருகிறது. அதைப் பிறகு பிரிக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளைச் செங்கல்பட்டுக்கு மாவட்ட பேட்மிண்டன் போட்டிக்கு அழைத்துப்போனேன், தோற்றுவிட்டோம் என்று மட்டும்தான் சொன்னேன். எப்படித் தோற்றோம் என்று சொல்லவில்லை. எங்கள் பள்ளி மைதானம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் கிழக்கேயிருந்து கடல் காற்று அடிக்கும், அடித்த ஷட்டில் பூவரச மரத்தில் போய் உட்காரும். பழைய மீன் வலைகளை மடித்து மடித்துத் தடுப்பாகக் கட்டிப் பார்த்தேன். காற்று வலைக்கா பயப்படும்? கடைசியில் பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எதை அடித்தாலும் கடல் பக்கமாகச் சாய்த்தே அடிப்பார்கள், காற்று அதைத் தள்ளிக் கோட்டுக்குள் கொண்டுவந்து போடும். என்ன கெட்டிக்காரத்தனம் என்று நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டில் நாலு பக்கமும் சுவர், மேலே கூரை. பொட்டுக் காற்று இல்லை. கீர்த்தனா அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண், எங்கள் அணியிலேயே நன்றாக ஆடுகிறவள். இடைவேளையில் மூச்சு வாங்க ஓடிவந்து, "டீச்சர், இங்க கடலு எந்தாண்ட கீது?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த வேறு பள்ளிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் யாரும் அழவில்லை. கீர்த்தனா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில்லாத இடத்தில் எப்படி அடிப்பது என்று வெறுங்கையை வீசிக்கொண்டே வந்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை பிடித்துக் கொடுக்காமல் ஓயமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஊரில் இருப்பது ஒரே ஒரு பெரிய கூரை, புயல் பாதுகாப்பு மையம். புயல் வராத நாளெல்லாம் அதற்குள் வலையும் ஐஸ் பெட்டியும்தான் குடியிருக்கின்றன. ஊர்க் கூட்டத்தில் போய் நின்று கேட்டேன். ஊர்த் தலைவர் வரதன் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். "டீச்சரம்மா, உனக்கு முன்ன வந்தவங்கல்லாம் டவுனுக்கு மாத்தல் வாங்கினு பூட்டாங்க. நாங்க வலைய வெளிய போட்டுட்டு நிக்கசொல்ல நீயும் பூட்டா இன்னா பண்றது? இருப்பேன்னு ஊருக்கு வாக்குக் குடு, சாவிய எடுத்துக்கோ" என்றார்.

கொடுத்துவிட்டேன். இப்போது ஆறாம் வகுப்பில் ராக்கெட் பிடித்திருக்கும் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்று ஊர் நடுவில் நின்று சொன்னேன். அடுத்த மாதக் கலந்தாய்வில் கூடுவாஞ்சேரிப் பக்கம் இடமாறுதல் கேட்கப் போவதில்லை.

உங்களைக் கேட்டிருந்தால் தடுத்திருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் உங்கள் ஞாபகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் நடத்த வேண்டும் என்றுதானே இத்தனை வருஷமாக அங்கே கிடக்கிறீர்கள். டைல்ஸ் போட்ட போட்டோ பார்த்தேன். நல்ல நிறம். அதைப் பார்த்து அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் வாக்கை மாற்றமாட்டேன். மறுநாளே ஆம்பளைகள் வலையைத் தூக்கி வெளியே போட்டார்கள், பெண்கள் தரையைக் கழுவிவிட்டார்கள். படகுக்குப் பூசும் நீல பெயிண்டில் கோடு போட்டோம். கூரை கொஞ்சம் தாழ்வு, உயர அடித்தால் இடிக்கும். பரவாயில்லை, தாழ அடிக்கப் பழகட்டும். பிள்ளைகள் இன்னும் பாதி அடியைக் கிழக்கே சாய்க்கிறார்கள். அடுத்த போட்டிக்குள் அதை மறக்கடித்துவிடுவேன்.

கூடுவாஞ்சேரி வீட்டை வாடகைக்கு விட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது அங்கே இறங்கிவிடாமல் கடப்பாக்கம் வரை வாருங்கள். கோபமிருந்தால் கோபத்தோடே வாருங்கள். திட்டுவதை நேரில் திட்டுங்கள், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஊருக்குக் கொடுத்த வாக்கை என்னால் தனியாகக் காப்பாற்ற முடியும். தனியாகக் காப்பாற்ற எனக்கு ஆசையில்லை.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
ஜாக்குலின்