தெருக்குத்து மனை

4 பிப்ரவரி 2024, ஞாயிறு
வெட்கக்கேடு. யார்கிட்டயும் சொல்லல, இதுல எழுதி வெச்சிடறேன். மனை பார்க்க வந்த ரிட்டையர்டு டீச்சரம்மா, அவென்யூவுக்கும் ஸ்ட்ரீட்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாங்க. அவென்யூன்னா காலை வெயில் நல்லா விழும்மான்னு சொல்லிட்டேன். அந்தம்மா தலையாட்டிட்டு அவென்யூவிலேயே மனை எடுத்துட்டாங்க. நாலாங்கிளாஸ்காரி வாயில வேற இன்னா வரும்?

வடக்குப்பட்டுப் பக்கம் நம்பிராஜன் சார் போட்ட லேஅவுட்டில் ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை. சென்னையிலிருந்து ஓசி வேனில் வர்றவங்களுக்கு மோர் கொடுத்து, பிரியாணி வர்றதுக்குள்ள மனைகளைச் சுத்திக் காட்டணும். வீடு ஒண்ணும் கிடையாது. கல்லு, போர்டு, பொட்டல்.

18 பிப்ரவரி, ஞாயிறு
ஆபீஸ் பொண்ணு மதிவதனிகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டேன். அகலமா, ரெண்டு பக்கமும் மரம் வெச்சது அவென்யூ. (மரம் இன்னும் வைக்கல.) வீடு வரிசையா இருந்தா ஸ்ட்ரீட். அதைக் குறுக்க வெட்டினா கிராஸ். ஒடுக்கமா இருந்தா லேன். மேல போக வழியில்லாம நின்னுட்டா டெட் எண்ட். "எங்க வூட்டுக்காரரும் டெட் எண்ட்தான்டி, கல்யாணத்தன்னிக்கு நின்ன இடத்துலயே நிக்கிறாரு" என்றேன். சிரிச்சு டீயைக் கொட்டிட்டா.

கடைசி அவென்யூ நேரா வந்து முட்டுற மனையை மட்டும் ஒருத்தரும் வாங்கல. மதிவதனி அதை டி ஜங்ஷன் என்கிறா. நமக்குத் தெருக்குத்து. தெரு வந்து வாசல்ல குத்தினா குடும்பத்துக்கு ஆகாது. அங்க வந்ததும் ஆளுங்க மூஞ்சி மாறும். உடனே அந்த மனைக்கு மேல கையை நீட்டி, "இப்படியே லிங்க் ரோடு வரப்போவுது சார், ஒரகடம் அஞ்சே நிமிஷம்" என்பேன். நம்பிராஜன் சார் சொல்லிக் குடுத்த பொய்.

9 மார்ச்
கமிஷனுக்குப் பதிலா அந்தத் தெருக்குத்து மனையை நீயே வெச்சிக்க அக்கான்னு சார் சொன்னார். பத்திரம் அப்புறம் எழுதிக்கலாமாம். உடனே சரின்னுட்டேன். இப்ப இருக்கிறது இருங்காட்டுக்கோட்டையில ஒத்தை ரூம். வூட்டுக்காரர் மூர்த்தி நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா நான் வெளியில உட்காரணும்.

மூர்த்திக்குத் தெருக்குத்துன்னா பயம். சுவத்துல தெருவைப் பார்த்து ஒரு பிள்ளையாரை வெச்சுட்டா போச்சு. வர்ற தெருவை அவர் பார்த்துக்குவார்.

21 ஜூலை, ஞாயிறு
பால் காய்ச்சியாச்சு. ஷீட்டு போட்ட வூடுதான். மூர்த்தி நாள் பூரா ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். இருக்கிறதே ரெண்டு ஜன்னல்.

14 நவம்பர்
கவர்மெண்ட் ஆளுங்க வந்து டேப் பிடிச்சாங்க. சுவத்துல சிவப்பு பெயிண்ட். இன்னா சார், வூட்டுக்குப் பொட்டு வெக்கிறீங்களான்னு கேட்டேன். யாரும் சிரிக்கல.

லிங்க் ரோடு. அவென்யூவை நீட்டி, எங்க வூட்டு வழியா ஒரகடம் போவுதாம். நான் கை நீட்டினேனே, அதே இடம்.

15 நவம்பர்
நம்பிராஜன் சார் ஆபீசுக்குப் போனோம். பத்திரம் இன்னும் அவர் பேர்ல கீது. நஷ்ட ஈடு வந்தா அவருக்குத்தானாம். ரோடு வரும்னு முன்னாடியே தெரியுமா சார்னு மூர்த்தி மெதுவாத்தான் கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். "அக்காதான ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சொல்லிக்கினு இருந்துச்சு."

பஸ்ல மூர்த்தி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டு முன்னாடி போய் நின்னுக்கினார். திட்டித் தொலைச்சிருக்கலாம்.

2 டிசம்பர்
அவ்ளோ பொய் சொன்னேன். அது மட்டும் ஏன் நிஜமாகணும் — மரம் வெக்கறது நிஜமாகியிருக்கக் கூடாதா?

29 டிசம்பர், ஞாயிறு
வேன் வந்துச்சு. நான் போகல. கேலி பண்ண ஆள் இல்லாம தெரு நாய்கிட்ட பேசினேன். அதுவும் எழுந்து போயிடுச்சு.

20 ஜனவரி 2025
ஜேசிபி வந்தாச்சு. சுவரு விழறதுக்கு முன்னாடி மூர்த்தி பிள்ளையாரைப் பேர்த்து எடுத்தார். ஒரு ஜன்னலையும் கழட்டினார். ஆட்டோவில பிள்ளையார் அவர் மடியில, ஜன்னல் என் மடியில.

மறுபடி இருங்காட்டுக்கோட்டை. பழைய ரூம்கூட கிடைக்கல, கக்கூஸை ஒட்டின ரூம். ஜன்னலுக்கு இடமில்ல, கட்டிலுக்கு அடியில கிடக்குது. பிள்ளையார் அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து என்னையே பாக்கிறார். நல்லாப் பாத்துக்கினீங்க சாமின்னேன். சிரிக்கத்தான் சொன்னேன். அழுகை வந்து — மூர்த்தி எழுந்துடப் போறாரேன்னு குழாயைத் திறந்து விட்டுக்கினு அழுதேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு
மூர்த்திகிட்ட சொல்லாம போய்ப் பார்த்தேன். தார் போட்டுக்கினு இருக்காங்க. தெருக்குத்து தீர்ந்துபோச்சு. அவென்யூ முட்டாம மோதாம நேரா போவுது. சமையக்கட்டு எந்த இடம்னு நடந்து நடந்து பார்த்தேன். ஒண்ணும் புரியல. அந்தப் பக்கம் வேன் வந்து நின்னுச்சு. மோர் கொடுக்கப் புதுசா ஒருத்தி. என் பக்கம் கையை நீட்டி, லிங்க் ரோடு வந்தாச்சு பாருங்க சார் என்றாள்.

இடது செருப்பு தார்ல ஒட்டிக்கிச்சு. குனிஞ்சு இழுத்தேன், வரல. ரோலர்காரர் நகரும்மான்னு கையாட்டினார், நகர்ந்தேன். செருப்பு மேல ரெண்டு தடவை ஓட்டினார். வலது செருப்போட பஸ் ஏறி வந்துட்டேன்.