பால் சேராத கணக்கு

5-11-84, திங்கள்
காலையிலிருந்து மழை. பஸ் லேட். எங்கள் டிபார்ட்மெண்ட் லெக்சரர் நாதன் சாரின் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, நாலாவது அத்தியாயம் டைப் பண்ணி முடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை அவருடைய புரொபசரிடம் கொடுக்கணும். தக்காணத்தில் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின ஊர் ஒன்று, அங்கே தோண்டியெடுத்த மாட்டெலும்பு. எத்தனை மாடு, ஒரு மாட்டில் எவ்வளவு இறைச்சி, அதை வைத்து எத்தனை பேர் வயிறு நிரம்பியிருக்கும். விடை: அறுபது பேர். காலை முழுக்க மாட்டிறைச்சி என்று அடித்துவிட்டு மதியம் தயிர்சாதம்.

6-11
மனசு அந்த அறுபதிலேயே. அட்டவணையில் பாதிக்கு மேல் காளைக்கன்று எலும்பு. மீதி கிழட்டுப் பசு. காரணம் தெரியவில்லை என்று சார் எழுதியிருக்கிறார். ஆயர் ஈத்தாமில் பால் வியாபாரம் செய்யும் அக்கா, அத்தான் வீட்டுத் தொழுவத்திலும் இதே கதைதான். பால் தராத காளைக்கன்று முதலில் விலைக்குப் போய்விடும், பசு கறவை வற்றும்வரை இருக்கும். அப்படியென்றால் அந்த ஊர்க்காரர்கள் பால் கறந்திருக்கிறார்கள். கணக்கில் பாலே இல்லை.
சொல்லலாமா? சொன்னால் நாற்பது பக்கம் நான்தான் திரும்ப அடிக்கணும். டைப்பிஸ்டுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டுவிட்டால்?
வாங்க வேண்டியது: சோப்பு, அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

7-11
சொல்லிவிட்டேன். சார் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தக் காலத்துல பால் கறந்திருக்க மாட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன், சரஸ். உங்க அத்தானைப் பார்க்க முடியுமா?"

8-11
சாயங்காலம் சார் காரில் அக்கா வீடு. இறங்கியதும் சாரின் சப்பாத்துக்கால் சாணியில். அத்தான் சிரிக்கவில்லை, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒரு பசுவுக்கு இத்தனை லிட்டர், வருஷம் முழுக்க என்று சார் பெருக்கப் போக, அத்தான்: "அப்படி இல்ல லா சார். கன்னுக்கு விடணும். சினையா இருந்தா கொஞ்ச மாசம் கறவையே கிடையாது. அப்பெல்லாம் புண்ணாக்கு ஏது? இதுல பாதிகூட வராது." சார் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அக்கா பால் காய்ச்சித் தந்தாள். சார் இரண்டு டம்ளர்.

9-11, வெள்ளி
புரொபசர் பத்து நாள் அவகாசம் தந்தாராம். புண்ணியவான். புதுக் கணக்கு: தொண்ணூறு பேர் வரை. அறுபது என்று அடித்துச் சொல்ல முடியாது, அறுபதிலிருந்து தொண்ணூறு என்பதுதான் நேர்மை என்கிறார் சார். விட்டுப்போன முப்பது பேர். குழந்தைகளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

17-11, சனி
முடிந்தது. விரல்நுனி எல்லாம் வலி. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கணும். அரை நாள் வேலை முடிகிற நேரத்தில் சார் இன்னொரு தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நன்றிப் பக்கம். அத்தான் பேர். அதற்கு மேலே என் பேர், அப்பா பேரோடு சேர்த்து. ஒன்பது வருஷமாக யார் யாருக்கோ நன்றி அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் பேரை மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தாளில்தான் சரியாக வந்தது.