ஒரு குடம் கூழ், ஒரு வாசல் வேப்பிலை

அக்கா,

கையில் புளித்த கேப்பை மாவின் வாசனை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்று ஆடி ஞாயிறு. கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு, வெறும் குடத்தில் வேப்பிலைக் கொத்தைச் சொருகி வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். பேச்சு முடியவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு நீங்களும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டோம். அடுப்பு தனித்தனியாக ஆன பிறகும் ஆடி மாதம் வந்தால் உங்கள் பின்னால்தான் நான் குடம் தூக்குவேன். அம்மன் கோயில் வாசலில் அந்தப் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் துடுப்போடு நீங்கள் நிற்பீர்கள். ஊரில் எல்லா வீட்டுக் கூழும் அதில்தான் விழும். ஒரு வீட்டில் நொய் அதிகம், ஒரு வீட்டில் உப்புக் கம்மி. நீங்கள் துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் எது யார் வீட்டுக் கூழ் என்று அம்மனுக்கே தெரியாது. ஊற்றியவளின் குடத்தில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் சொருகி அனுப்புவீர்கள். அது வாசலில் தொங்கினால் அந்த வீடு இந்த வருஷம் ஊற்றிவிட்டது என்று ஊருக்குத் தெரியும். குடிப்பதற்கு வேப்பிலை தேவையில்லை. ரோட்டில் போகிறவர்கூடச் சொம்பை நீட்டலாம்.

ஒரு வருஷம் நம் நாத்தனார் திண்டிவனத்திலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றாளே, நினைவிருக்கிறதா?

"பெரியண்ணி, எனக்கும் ஒரு கொத்து குடுங்க. எங்க வாசல்ல கட்டிக்கிறேன்."

"உன் கொடம் எங்கம்மா?"

"இதோ, சின்னண்ணி ஊத்திச்சே. அது எங்கப்பன் நெலத்துக் கேப்பைதானே?"

"கேப்பை உங்கப்பன் நெலத்துதான், யாரு இல்லேன்னா? ஆனா வந்தது ஒரு கொடம். அதுக்கு வேப்பிலை குடுத்தாச்சு. ஒரு கொடத்துக்கு ரெண்டு வாசல்னு ஆரம்பிச்சா, வர்ற வருசம் வேப்பிலை ஊரெல்லாம் தொங்கும், அண்டா காலியா கெடக்கும்."

"ஒரு கொத்து வேப்பிலைக்கு இம்மாம் பேஜாரா" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் குடத்தில் இருந்ததை எடுத்து அவள் கையில் வைத்தேன். நீங்கள் தடுக்கவில்லை.

"குடு, தாராளமா குடு. ஆனா உன் வாசல் இந்த வருசம் வெறும் வாசல். கொல்லையில ஒடிச்சிக் கட்டிக்கினு நிக்காதே."

"கட்டமாட்டேங்க்கா."

"என்னாடி ஊத்தலையான்னு எவளாவது கேப்பாளே?"

"ஊத்தினேன், வேப்பிலைய நாத்தனாருக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுவேன்."

"சொல்லு. கேக்காதவளையும் கூப்புட்டுச் சொல்லிடுவே நீ" என்று சிரித்து, என் சொம்பில் கூழை வழிய வழிய ஊற்றினீர்கள். மேலே பொரித்த கருவாடு வேறு. அந்த வருஷம் முழுக்க என் வாசல் வெறுமையாகத்தான் கிடந்தது. ஒரு நாள்கூட எனக்குக் கூச்சமாக இருந்ததில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது.

உங்கள் மடியில் வளர்ந்த என் மகன் கூட்டேரிப்பட்டு ரோட்டோரம் கடலை எண்ணெய் ஆட்டும் செக்கு வைத்திருக்கிறான் இல்லையா? நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதன் கூரையிலும் பின்னால் கொல்லையிலும் சோலார் தகடு போட்டான். அந்தக் கரண்டு மீட்டர் வழியாக ஊர் லைனுக்குள் போகிறது. செக்குக்கு வேண்டியதை லைனிலிருந்து எடுத்துக்கொள்கிறான். அவன் மகளுக்குச் சென்னையில் வேலை. இப்படி வெயிலிலும் காற்றிலும் வருகிற கரண்டு எங்கே, எப்போது, எவ்வளவு பிறந்தது என்று மீட்டர் கணக்கைச் சரிபார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கச் சொல்லும் வேலை. கணக்கு இடித்தால் திருப்பி அனுப்பிவிடுவாளாம், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும். நம் வீட்டுப் பெண், அக்கா. நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் மகன் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தான். 'வெயில் கரண்டில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய்.' காரில் போகிறவர்கள் பார்த்தால் நிறுத்துவார்கள் என்று அவனுக்கு ஆசை. லீவுக்கு வந்திருந்த பேத்தி பார்த்துவிட்டாள்.

"இதை மாட்டக் கூடாதுப்பா."

"ஏன், எழுத்து சரியில்லையா?"

"நம்ம தகட்டுக்கு இந்த வருசம் வந்த சர்டிபிகேட்டையெல்லாம் ஒரு கம்பெனிக்கு வித்துட்டோமே. அவங்க வெயில் கரண்டுல ஓடுறோம்னு சொல்லிக்கினு இருக்காங்க. அதையே நாமளும் சொல்லலாமா?"

"தகடு என் தலைக்கு மேல இருக்கு. வெயில் என் கொல்லையில காயுது. அப்புறம் யார் வெயிலு இது?"

"வெயில் நம்மளதுதான். சொல்லிக்கிற உரிமையைக் குடுத்துட்டோம். இந்த மாதிரிப் பலகையக் கேள்வி கேக்குறதுதாம்பா என் வேலை. நம்ம வாசல்லயே தொங்கினா நாளைக்கு எந்த முகத்தோட இன்னொருத்தரைக் கேப்பேன்?"

"என் வாயை அடைக்கத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?" என்று அவன் எழுந்து போய்விட்டான். அதோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அக்கா. "ஆயா, அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பாள். "அவளை ஜல்தியா கெளம்பச் சொல்லும்மா, பஸ்ஸு போயிடும்" என்பான். நடுவில் நான். உள்ளுக்குள் எனக்கும் மகன் பேச்சுதான் நியாயமாகப் பட்டது.

சண்டை நடந்த அன்று சாயங்காலமே அவள் எனக்கு விளக்கினாள். "லைனுக்குள்ள போனா நெலக்கரி கரண்டு, காத்தாடி கரண்டு, நம்ம கரண்டு எல்லாம் கலந்துடும் ஆயா. நம்ம பல்புல எரியறது எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. அதனால உள்ள போறப்பவே மீட்டர்ல அளந்து, ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சர்டிபிகேட், அதுக்கு ஒரு நம்பர். யாரு அதை வாங்கித் தன் பேர்ல கணக்கு எழுதி முடிக்கிறாங்களோ அவங்கதான் சொல்லிக்கலாம். முடிச்சதுக்கப்புறம் அந்த நம்பரை வேற யாரும் தொட முடியாது. ஒண்ணையே ரெண்டு பேர் சொன்னா, ஊர்ல இல்லாத வெயில் கரண்டு இருக்கிற மாதிரி ஆயிடும்."

வேப்பிலை தொங்கும், அண்டா காலியாகக் கிடக்கும். உங்கள் குரல் அப்படியே காதில் விழுந்தது.

நான் எழுந்து மகனிடம் போனேன். "டேய், திண்டிவனத்து அத்தைக்கு வேப்பிலை குடுத்த வருசம் ஞாபகம் இருக்குதா?"

"நம்ம வாசல்ல மட்டும் இல்லேன்னு நான் அழுதேனே. பெரியம்மா தூக்கி வச்சிக்கினு, கூழு ஊத்தினது உங்கம்மா மனசுக்குத் தெரியும்னாங்க."

"இப்போ நீ வேப்பிலைய வித்துட்டே. உன் வாசல் வெறும் வாசல். அவ்வளவுதான்டா அவ சொல்றது."

மறுநாள் காலையில் பார்த்தேன். பலகை எண்ணெய் டின்களுக்குப் பின்னால், எழுத்து சுவரைப் பார்த்தபடி நின்றது.

மகளிடம் அவன் பேச இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ஒரு நாள் தானே போன் போட்டான். "இந்த வருசம் செக்குக்கு எவ்ளோ கரண்டு ஆவுதோ அவ்ளோ சர்டிபிகேட்டையும் விக்காம வையி. நம்ம பேர்லயே முடிச்சிடு." அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, இவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இன்று காலையில் அவள் வந்து, பலகையின் அடியில் எந்த வருஷத்துக் கரண்டு என்று ஒரு வரி எழுதச் சொல்லி, இரண்டு பேருமாக ஏணி பிடித்து மாட்டினார்கள்.

நான் கோயிலிலிருந்து வந்ததும், "யம்மா, வீட்டுக்கு ஒரு கொத்து, செக்குக்கு ஒரு கொத்து வாங்கியாந்தியா?" என்றான். நான் குடத்தில் இருந்த ஒரே கொத்தைக் காட்டினேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொத்தைச் செக்கு வாசலில், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு வந்தேன். எத்தனையோ பேர் எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார்கள், அக்கா. ஒன்றைக் கொடுத்த பிறகு கொடுத்ததாகவே வைத்துக்கொள்ள எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதனால்தான் இன்று என் வீட்டில் அப்பனும் மகளும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, வாசல் வெறுமையா இருக்கு? கூழு ஊத்தலையா?"

"ஊத்தினேம்மா. வேப்பிலைய வேற வாசலுக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.