டீ வடிகட்டிக்குக் கீழே ஒரு ஆள்

உன் வீட்டு டீ வடிகட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வலையின் ஓரம் பிய்ந்து, கைப்பிடி துருவேறிப் போய்விட்டது. இன்று காலை அதைக் கழுவி நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர்மேல் வெயிலில் வைத்தபோது வேப்பம்பூ வாசனை அடித்தது. அந்த வாசனை வந்துவிட்டால் நீ சுவருக்கு அந்தப் பக்கம் நின்று இருமுவாய். "இன்னாடா, எழுந்தியா? ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க" என்பாய். ஆளுங்க என்றால் பறவைகள். இந்த வருஷமும் வந்துவிட்டார்கள். கூப்பிடத்தான் நீ இல்லை.

தங்கச் சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் ஆகியும் நம்மை விட்டு ஷிப்ட் போகவில்லை. இருட்டு பிரிவதற்குள் கத்தத் தொடங்கும் கொண்டைக்குருவி முதல் ஷிப்ட். வெயில் ஏறிய பிறகு முருங்கைப்பூவுக்கு வரும் தேன்சிட்டு ஆபீஸ் ஆள். தவிட்டுக்குருவிகளுக்கு மட்டும் நீ ஷிப்ட் கொடுக்கவே இல்லை. "அதுங்க யூனியன்காரனுங்கடா. கூட்டம் போட்டுப் பேசிக்கினே இருப்பானுங்க, வேலை நடக்காது" என்பாய். யூனியனில் நீயே எத்தனை கூட்டம் போட்டாய் என்று நான் கேட்டால், காது கேட்காதவன் மாதிரி முருங்கையை அண்ணாந்து பார்ப்பாய்.

அந்தக் குளவியை முதலில் பார்த்ததும் நீதான். மெல்லிய இடுப்பு, அதில் சிவப்பாக ஒரு பட்டை. உன் முற்றத்து மண்ணில் தலையை விட்டுத் தோண்டும். வாயில் மண்ணைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாக வெளியே வரும். கொஞ்சம் பறந்துபோய்த் தூரமாகக் கொட்டிவிட்டு வரும். "டேய், நம்ம சுரங்கத்துல மாதிரி ஷாஃப்ட் போடுதுடா! மண்ணைக் கிட்டக்க போட்டா சரியும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு" என்று குப்புறப் படுத்துவிட்டாய். நானும் படுத்தேன். தெருவில் போனவர்கள், இரண்டு பென்ஷன்காரர்களும் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார்கள்.

மத்தியானம் அது ஒரு பச்சைப் புழுவை இழுத்து வந்தது. உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்து, குழியை மண் போட்டு மூடியது. பிறகு ஒரு சின்னக் கல்லை வாயில் கவ்விக்கொண்டு அந்த மண்ணைத் தட்டித் தட்டி இறுக்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். குளவி பறந்து போனதும் உன்னைத் திரும்பிப் பார்த்தால் உன் முகமே சரியில்லை.

"புழு ஆடிச்சிடா. நான் பார்த்தேன். உள்ள உயிரோட ஒர்த்தன் கீறான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் லேம்ப் ரூமில் வேலை பார்த்தவன். இறங்குகிறவனுக்கு அவன் நம்பர் போட்ட விளக்கைக் கொடுப்பேன். ஏறி வந்ததும் திருப்பி வாங்கிக் கொக்கியில் மாட்டுவேன். ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பாறை வெடித்துச் சரிந்த அன்று உன் கொக்கி காலியாக இருந்தது. ஷிப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் மத்தியானம் உன்னை வெளியே எடுத்தபோது, நீ தண்ணீர்கூடக் கேட்காமல் விளக்கை என் கையில் கொடுத்தாய். "தோண்டுவீங்கன்னு தெரியும்டா" என்றாய். அப்படிப்பட்டவனை மூடிய குழிக்கு முன்னால் எப்படிச் சும்மா உட்கார வைப்பது?

நீ ஸ்பூன் எடுத்து வந்து தோண்டினாய். புழுவை எடுத்து எலுமிச்சை இலைமேல் கிடத்தினாய். அதன் விலாவில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று விரலால் துடைத்துவிட்டாய். மூன்று நாள் தண்ணீர் தெளித்தாய். புழு நகரவே இல்லை. நாலாம் நாள் காய்ந்துபோனது.

மறுவருஷம் வேம்பு பூத்தபோது குளவி திரும்ப வந்தது. அதே அவசரம், அதே கல். "இந்த வாட்டி தொடக்கூடாது. மேல யாரு வர்றான்னு பார்த்துடணும்" என்று நீ வடிகட்டியைக் குழிமேல் கவிழ்த்து, கைப்பிடியில் கல்லை வைத்தாய். உன் வீட்டம்மா ஒரு மாதத்துக்கும் மேலாகத் துணியில் டீ வடிகட்டினார். "குளவிக்கு மூடி போட்டிருக்குறீங்களே, உங்க ரெண்டு பேருக்கும் எப்பங்க மூடி போடறது?" என்று அவர் கேட்டார்.

ஒருநாள் காலை மண் அசைந்தது. வந்தது புழு இல்லை. இறக்கையில் மண் ஒட்டிய ஒரு குளவி, சிவப்புப் பட்டையோடு. வலையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. நீ வடிகட்டியைத் தூக்கியதும் பறந்துவிட்டது. குழியைக் கிளறிப் பார்த்தோம். மெல்லிய ஒரு கூடும், புழுவின் தோலும் மட்டும்தான் இருந்தன.

நீ அந்தத் தோலை விரலில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "அப்ப போன வருஷம் அழுக்குன்னு தொடச்சேனே... அதான் ஆளா?"

நான் ஆமாம் என்றேன். அது குளவி இட்ட முட்டை. அன்று நீ டீ குடிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் அந்த இடத்தை யாரையும் மிதிக்க விட்டதில்லை.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். இந்த வருஷம் குளவி வருமா என்று மாசியிலிருந்தே சுவர் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. மூடிவிட்டும் போனது. நான் வடிகட்டியைக் கவிழ்த்தேன். பதினைந்து நாள்கூட ஆகவில்லை, உன் மகன் கார் வாங்கிவிட்டான். அதை நிறுத்த முற்றத்துக்கு சிமெண்ட் போடவேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி ஜல்லியும் மணலும் இறக்கிவிட்டார்.

"இன்னா மாமா இது? வடிகட்டி இங்க கிடக்குது" என்று அவன் குனிந்தான்.

"தொடாதப்பா. உள்ள ஆள் கீது. இன்னும் மேல வரல."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. வாரம் ஆறு நாள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் வருகிறவன்; அவனுக்குக் கிடைக்கும் ஒரே நாள் அது. அவன் வடிகட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மேஸ்திரியிடம் போய், "இந்த இடத்தை மட்டும் விட்டுட்டுப் போடுங்க" என்றான். வடிகட்டியைச் சுற்றி நாலு செங்கல்லை வைத்தான். மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இப்போது உன் முற்றம் முழுக்க சிமெண்ட். நடுவில் ஒரு முழச் சதுரம் மட்டும் மண். நேற்றுக் காலை அதில்தான் மண் அசைந்தது. அது வெளியே வந்து, மீசையைத் துடைத்து, இறக்கையை உதறியது. வடிகட்டியைத் தூக்கினேன். முருங்கைக்கு மேலே போய் மறைந்துவிட்டது. என்னை அறியாமல் உன் வீட்டுப் பக்கம் திரும்பி, "டேய், வந்துட்டான்டா!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

பல் துலக்கிக்கொண்டிருந்த உன் மகன்தான் வந்தான். காலிக் குழியைப் பார்த்தான். "அப்ப இதையும் மூடிடச் சொல்லட்டா மாமா?" என்றான்.

மூடிக்கொள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுதானே நியாயம். ஆனால் லேம்ப் ரூமில் நின்ற கால் நகரவில்லை; உன் கொக்கி இன்னும் காலியாகத்தானே இருக்கிறது.

"இருக்கட்டும்பா. இன்னும் ஒரு ஆள் பாக்கி."

அவன் குனிந்து, சாய்ந்திருந்த ஒரு செங்கல்லை நேராக வைத்தான்.